கங்காணி கூப்பிட்ட முப்பத்திரண்டு பேர்

வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து நல்லையா கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை யாரும் மறைத்ததில்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கணக்கப்பிள்ளைக்குத்தான் புத்தகம் வேண்டும், எனக்கு எதற்கு என்பார். விடிந்தும் விடியாமல், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, தன் கூட்டத்து ஆட்களை லயம் லயமாக, வீட்டு வரிசைப்படி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுக்கும், கணக்கப்பிள்ளை புத்தகத்தில் குறி போடுவார். கங்காணியின் மனைவி பெரியாயியையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெயர்கூட முன்னே பின்னே போனதில்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. அதைப் பெருமை என்று பெரியாயி ஒப்புக்கொள்ள மாட்டாள். கூட்டத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். எலும்பும் தோலுமான அழகர் 'ஊசி'. ஒரு மலையில் நின்று பேசினால் எதிர்மலைக்குக் கேட்கும் தொண்டை படைத்த வேலாயி 'வெங்கலம்'. குள்ளமான அங்கம்மா 'அரப்படி'. பாக்கியலெட்சுமி 'மத்தளம்', காரணத்தைச் சொல்வது மரியாதையாக இராது. எல்லாம் முதுகுக்குப் பின்னால் புழங்கிய பெயர்கள். முகத்துக்கு நேரே சொன்னால் குடுமிப்பிடிச் சண்டைதான்.

ஒரு சண்டை நடக்கவும் செய்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, தோட்டமே கவுச்சியை ஒதுக்கியிருந்த வாரத்தில், இராக்கம்மா ஹாலிஎலைக் கடையிலிருந்து மடியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். கோயிலைத் தாண்டும்போது மூன்று நாய்கள் அவள் பின்னாலேயே நடந்தன. நல்லையாவின் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் 'கருவாடு' ஆகிவிட்டாள், அடுத்த நாள் காலைக்குள் அது அவள் காதுக்கும் போய்விட்டது. அதோடு கங்காணி வீட்டோடு பேச்சு அறுந்தது. ஒன்பது வருஷமாகப் பெரட்டில் "இருக்கேன்" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

ஆனி மாதக் காற்றில் ஒருநாள் நிழல்மரக் கிளை முறிந்து நல்லையாவின் தலையில் விழுந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தார். பத்தாம் நாள் திறந்தார். பெரியாயியைப் பார்த்து, "இந்தா" என்றார். வீட்டில் எப்போதும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால், அவள் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கஞ்சியை எடுக்கப் போனாள். மகளையும் "இந்தா" என்றார். டாக்டரையும் "இந்தா" என்றபோதுதான் பெரியாயி கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"மூளையில அடிபட்டிருக்கு. ஆள் தெரியும், பேர்தான் வராது" என்றார் டாக்டர். வலது காலும் இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, பயிற்சி அறைக்கு வந்து போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெயர் கூப்பிடுகிறவருக்குப் பெயர் போய்விட்டால் என்ன மிச்சம்? தோட்டத்தில் அவரைப் பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாய்மார் மலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஏணைகள் ஆடுவதைப் பார்த்தபடி கங்காணி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். காலையில் பெரட்டுக்குக் கொம்பு ஊதும்போது மட்டும் எழுந்து நின்றுவிடுவார். அதைப் பார்க்கப் பெரியாயிக்கு நெஞ்சு வெடிக்கும். இந்த மனுஷனை மறுபடி களத்தில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பயிற்சி அறையில் இருந்தவள் றஷீனா. பதுளைக் கடைவீதிப் பீங்கான் கடைக்காரரின் மகள், கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். தலையில் அடிபட்டவர்களுக்கும் வாதம் வந்தவர்களுக்கும் கையையும் காலையும் நாக்கையும் திரும்பப் பழக்குவது அவள் வேலை. அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க வேண்டும், மணலில் விரலால் கோடு இழுக்க வேண்டும், கடலையையும் பயறையும் கலந்து கொட்டிப் பிரிக்க வேண்டும். நல்லையாவோடு பயிற்சிக்கு மர்ஸூக் முதலாளியும் வருவார். இரும்புக் கடைக்காரர். வாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. யார் முதலில் பயறைப் பிரிப்பது என்று இரண்டு பேருக்கும் ஒரே போட்டி, மர்ஸூக் முதலாளி கள்ள ஆட்டமும் ஆடுவார்.

உண்மையைச் சொன்னால், பெரியாயிக்குப் புதன்கிழமை பிடித்துப்போயிற்று. அன்று கொழுந்துக் கூடை இல்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, புருஷனின் கையைப் பிடித்து இரண்டு மைல் இறங்கி, ரோட்டில் பஸ்ஸைப் பிடிப்பாள். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போனது அதற்கு முன் நாலு தடவைதான். ஜன்னலோரம் அவருக்கு. திரும்பும்போது பதுளை பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு வடை. வடையின் பெயர் அவர் வாயில் வராது, "சூடா, நடுவுல ஓட்ட" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார். கடைக்காரர் அதற்குள் எடுத்து நீட்டிவிடுவார்.

நாலாவது வாரம் றஷீனா, "வீட்டுல ஏதாவது படம் ஈந்தா கொண்டு வாங்க" என்றாள். பெரியாயியிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. முந்திய திருவிழாவில் ஸ்டூடியோக்காரர் ஒருவர், கங்காணியின் கூட்டத்தைக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தி எடுத்தது. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள்.

றஷீனா முதல் முகத்தில் விரலை வைத்தாள். "இது யாரு கங்காணியார்? அவசரம் இல்ல, மெதுவாச் செல்லுங்க."

நல்லையா குனிந்து பார்த்தார். "ஊசி" என்றார்.

இழுக்கவில்லை, திக்கவில்லை. வாரக்கணக்கில் ஒரு பெயர் வராத வாயிலிருந்து பளிச்சென்று வந்து விழுந்தது. றஷீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினாள். "வெங்கலம்." இன்னும் நகர்த்தினாள். "மத்தளம். அரப்படி. கருவாடு." நல்லையாவின் முகம் விரிந்துகொண்டே போனது. பெரியாயிக்கு ஒரு கண்ணில் ஆனந்தக் கண்ணீர், மற்றக் கண்ணில் வெட்கக் கண்ணீர். கடவுளே, அத்தனை பெயரும் போனதில் இந்த நாசமாய்ப்போன பேர்கள் மட்டுமா மிச்சம் இருக்க வேண்டும்?

"இதுதானா இவங்கட பேர்?" என்று றஷீனா பெரியாயியைப் பார்த்தாள்.

ஒரு நொடி போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய மனுஷன் ஊராரைக் கேலி பேசித் திரிந்தவர் என்று படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு அவர் சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறார். "ஆமாங்க மிஸ்ஸி" என்றுவிட்டாள்.

"கருவாடு எண்டுமா பேர் வெப்பாங்க?"

"கொழந்த பொறந்து பொறந்து தவறிப்போனா, அடுத்ததுக்கு அப்பிடித்தாங்க வப்போம். குப்ப, பிச்சன்னு. அசிங்கமா இருக்குன்னு எமன் தொடாம போயிருவான்."

அந்த வழக்கம் உண்மைதான். எந்தத் தோட்டத்திலும் இரண்டு குப்பாயியாவது இருப்பார்கள். பொய்க்கு முட்டுக்கொடுக்க மெய்யை இழுத்துவந்ததுதான் பெரியாயியின் சாமர்த்தியம்.

"முப்பத்தொரு பேருக்குமா?" றஷீனாவின் கண் கலங்கிவிட்டது.

"அந்தக் காலத்துல எங்க பக்கம் காய்ச்சல் அதிகங்க மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டுப் பெரியாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகென்ன, றஷீனா கொப்பியில் அத்தனை பெயர்களையும் எழுதிக்கொண்டு, அன்றிலிருந்து அவற்றையே பாடமாக்கினாள். "மொதல் லயம், மொதல் வீடு, யாரு?" "ஊசி." "அடுத்த வீடு?" புதனுக்குப் புதன் இதே வேலை. மர்ஸூக் முதலாளியும் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு, வெள்ளைக்கல் தோட்டத்தை ஒருநாளும் பார்க்காமலே அங்குள்ள ஆட்களை மனப்பாடம் செய்துவிட்டார். நடுவில் ஒன்று தவறினால், "அரப்படிய விட்டுட்டீங்க கங்காணி" என்று எடுத்துக்கொடுப்பார். கார்த்திகை மாதத்தில் நல்லையா கம்பியை விட்டுவிட்டு நடந்தபடியே முப்பத்தொரு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். பெரியாயியும் தட்டினாள், திருடிக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டு.

மார்கழியில் தோட்டத்தை நடத்துகிற தொரையே கூப்பிட்டனுப்பினார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இவர் புதிதாக வந்த சிங்களத் தொரை, தமிழ் நன்றாகப் பேசுவார், நேர்மையான ஆள், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"தை பொறந்தா வேற கங்காணி போடணும்" என்றார். "அதுக்கு முன்ன, வாற வியாழக்கிழம பெரட்ட நீயே கூப்புடு. முப்பத்திரண்டு பேரும் சரியா வந்தா வேல ஒனக்கு. ஒன்னு தப்பினாலும் புள்ளக் காம்பராதான்."

நல்லையா நிமிர்ந்து நின்று, "சரிங்க தொர" என்றார். அந்த நிமிர்வைப் பார்த்ததும் பெரியாயிக்குத் தான் சொன்ன பொய் ஞாபகத்துக்கு வந்தது. பெரட்டுக் களத்தில், தொரை முன்னால், "மத்தளம்" என்று கூப்பிடப் போகிறார். யார் வாய் திறப்பார்கள்? எவளாவது செருப்பைக் கழற்றாமல் இருந்தால் சரி.

முந்திய நாள் புதன்கிழமை. றஷீனா தொரைக்குக் கொடுக்கச் சொல்லி, கங்காணி எல்லோர் பெயரையும் பிழையில்லாமல் சொல்கிறார் என்று கடிதமே எழுதி வைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கியதும் பெரியாயி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். எமன், காய்ச்சல், திருவிழா, மூன்று நாய்கள், ஒன்றையும் விடவில்லை.

றஷீனா வாயைத் திறந்தபடி கேட்டாள். "அப்ப நான் அஞ்சு மாசமா... மத்தளம் எண்டு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மர்ஸூக் முதலாளி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. வயிறு குலுங்க, வலது கையால் வயிற்றைப் பிடித்தார். போதவில்லை. இடது கையும் மெல்ல எழும்பி வந்து மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

முதலில் பார்த்தவள் றஷீனாதான். சிரிப்பு அப்படியே நின்றது. "முதலாளி, உங்கட கை" என்றாள். மர்ஸூக் முதலாளி குனிந்து, யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். பிறகு அவரும் அழுதார். நல்லையா போய் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அன்று அந்த அறையில் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று கணக்கு வைக்க முடியவில்லை.

புறப்படும்போது றஷீனா சொன்னாள்: "வெறும் பேர் இவருக்கு வழுக்கிப் போகுது. பேரோட ஒரு காட்சி ஈந்தா நிக்குது. அது அவர் பிழை இல்ல. ஆள் வந்தீக்கா எண்டு தெரியத்தானே கூப்பிடுற? அவங்க அவங்கட சொந்தப் பேரச் செல்லிப் பதில் குடுத்தா கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ளுவார். போய்க் கேட்டுப் பாருங்க."

கேட்பதுதானே சிக்கல். அன்று சாயங்காலம் பெரியாயி லயத்துக்கு லயம் ஏறி இறங்கினாள். நாளைக்கு உன்னை இப்படிக் கூப்பிடுவார் என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பெயரை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அழகருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் ஊசியா?" என்று தன் கையையே தடவிப் பார்த்துக்கொண்டார். பாக்கியலெட்சுமி, "என்னைய விட வேலாயிதான் குண்டு, அத எழுதிக்கிட்டுப் போ" என்றாள். ஆனால் வருவதாக ஒப்புக்கொண்டாள். வேலாயி ஒப்புக்கொண்டது எல்லா லயத்துக்கும் கேட்டது. கங்காணி களத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாய்தான் கெட்டதே தவிர, மழை நாளில் ஆட்களை மலையில் நனைய விடாத கங்காணி அவர்.

கடைசியாக இராக்கம்மா வீடு. அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மதினி, நாளைக்கி அவரு பெரட்டுக் கூப்புடுறாரு" என்றாள் பெரியாயி.

"கேள்விப்பட்டேன்."

"ஒங்களையும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. வேற வரல மதினி. வேணும்னு செய்யல."

குழவி இரண்டு தடவை போய் வந்தது. "அன்னைக்கி மட்டும் வேணும்னு செய்யலயாக்கும்" என்றாள் இராக்கம்மா.

பெரியாயி அம்மிக்கு எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கி வேணும்னுதான் செஞ்சாரு. தப்புதான்" என்றாள்.

இராக்கம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். "அவரு கூப்புடட்டும். எனக்கும் வாய் இருக்கு." மறுபடி குழவியைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை காலை பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. மற்றக் கூட்டத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தொரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் நின்றார். நல்லையா பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் தடியில்லாமல் நடந்துவந்து தன் இடத்தில் நின்றார். கால் கொஞ்சம் இழுத்தது. குரல் இழுக்கவில்லை.

"ஊசி."

"அழகர் இருக்கேங்க."

கணக்கப்பிள்ளையின் பேனா அந்தரத்தில் நின்றது. தொரை புருவத்தைத் தூக்கினார். ஆனால் ஆள் நிற்கிறது, பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. பேனா இறங்கிக் குறி போட்டது.

"வெங்கலம்."

"வேலாயி இருக்கேங்க." களத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"மத்தளம்." "பாக்கியலெட்சுமி இருக்கேங்க." "அரப்படி." "அங்கம்மா இருக்கேங்க." முதலில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் நாலாவது ஐந்தாவது பெயரில் சிரிப்பை விட்டுவிட்டார்கள். லயம் லயமாக, வீடு வீடாக, வரிசை தப்பாமல், அந்தக் காலத்து நல்லையா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட ஆள் ஒவ்வொன்றும் தலையை நிமிர்த்திக்கொண்டு தன் பெயரைச் சொன்னது. பெரியாயி விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தொன்பது. முப்பது.

"கருவாடு."

தொரை தலையைத் திருப்பினார். இராக்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கங்காணியை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்பது வருஷத்துப் பார்வை அது. பெரியாயி அந்த நேரத்தில் எத்தனை சாமியைக் கூப்பிட்டாள் என்று அந்தச் சாமிகளுக்குத்தான் தெரியும்.

"இராக்கம்மா இருக்கேன்" என்றாள் அவள் கடைசியில். "கருவாடும் இருக்கு, வூட்டுல. வேணும்னா வந்து திண்டுட்டுப் போங்க கங்காணி. இந்த வாரம் காப்பு ஒன்னும் கட்டல."

களமே வெடித்துச் சிரித்தது. நல்லையாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கணக்கப்பிள்ளை குறி போட்டார். பெரியாயி நிம்மதியாக மூச்சு விட்டு, மடக்கிய விரல்களைப் பிரிக்கப் போனாள்.

"இன்னும் ஒரு ஆள்" என்றார் தொரை.

முப்பத்தொரு வீடு ஏறி இறங்கியவளுக்கு முப்பத்திரண்டாவது ஆள் தான்தான் என்பது மறந்தே போயிற்று. படம் எடுத்த திருவிழாவின்போது அவள் மகளின் பிரசவத்துக்காகப் பூனாகலைக்குப் போயிருந்தாள். அந்தப் படத்தில் அவள் இல்லை. றஷீனாவின் கொப்பியிலும் இல்லை. ஊர் முழுக்கப் பட்டப்பெயர் வைத்த மனுஷன் தன் பெண்டாட்டிக்கு ஒன்று வைக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வெறும் பெயர். அதுதான் வழுக்கிப் போகிற பெயர்.

நல்லையா அவளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. "இந்தா" என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அவருடைய நெற்றி நரம்பு புடைத்தது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. நாய் என்று கூப்பிடு, பேய் என்று கூப்பிடு, எதையாவது கூப்பிடு, நான் வந்து நிற்கிறேன் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தொரை கடிகாரத்தைப் பார்த்தார்.

நல்லையாவின் முகத்தில் மெல்ல ஒரு குறும்பு ஏறியது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தெரியும். புதிதாக ஒன்று பிறக்கும்போது வருகிற முகம் அது. கிளை விழுந்த பிறகு ஒருவரும் அதைக் கண்டதில்லை.

"புதங்கெழம" என்று கூப்பிட்டார்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்குப் புரியவில்லை. தொரை, "அது யாரு?" என்றார். அங்கே அது புரிந்தவள் ஒருத்திதான். இரண்டு மைல் இறக்கமும், ஜன்னலோர இடமும், ஆளுக்கு இரண்டு வடையும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. பழைய பெயர் எதையும் தேடி எடுக்காமல், அடிபட்ட மூளையால், அவளுக்கென்று புத்தம் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார். சந்தோஷத்தில் முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவைதான் வந்தது.

"பெரியாயி இருக்கேங்க."

"ஒன்னத்தான் கூப்பிட்டாரா?" தொரை சந்தேகத்தோடு கேட்டார்.

"ஆமாங்க தொர. என்னையத்தான்."

தொரை கங்காணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையிடம் தலையசைத்தார். கடைசிக் குறியும் விழுந்தது. "ஆள் எல்லாம் சரி. மலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் நல்லையாவிடம்.

அன்று ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. மேலே பாறையில் நின்று கங்காணி யாரையோ விரட்டிக்கொண்டிருந்த சத்தம், பெரியாயிக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. கைதான் கொழுந்தில் இருந்தது, மனம் எங்கெங்கோ போய் வந்தது. மேல் நிரையிலிருந்து இராக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏ புதங்கெழம, கண்ண எங்க வச்சிருக்க? பாதி நெரய விட்டுட்டுப் போறியே."

பெரியாயி சட்டென்று திரும்பி, "இந்தா வாறேன் மதினி" என்றாள்.